கவலை ஏற்றத்திலிருந்து ஆயிரம் அடி போர் வரை



நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாங்க என்று கேட்டார்கள். ராஜாக்கள் வரலாறு பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்குது. பத்தாவது வரைக்கும் நானும் அதைத்தான் படித்தேன். ஆனால் நம்ம கிணறு எப்படி வற்றியது, நம்ம தட்டில் இருந்த கம்பஞ்சோறு எங்கே போனது, தோட்டத்துக்குக் கரண்டு எப்படி வந்தது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதனால் இந்தக் கொங்கு நாட்டுக் கதையை, எங்க அப்பத்தா சொல்லக் கேட்டதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பருவநிலை மாற்றம் என்றால் எங்கேயோ பனிமலை உருகுகிற சங்கதி என்று நினைக்கிறோம். அது நம்ம கிணற்றிலும், ரேசன் கடையிலும், நம்ம குழு கடன் நோட்டிலும் இருக்கிற சங்கதி.

மாடு இழுத்த தண்ணி

நம்ம பக்கம் மலைக்கு மறைவான பூமி. மேற்கே மலை மழையை வாங்கிக்கொள்ளும். நமக்கு வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் கிடைத்தால் பெரிது. அதனால் நம்ம முன்னோர் நிலத்தைப் பிரித்தே வைத்திருந்தார்கள். கிணற்றுத் தண்ணி பாய்ந்தால் தோட்டம். மழையை நம்பினால் மேட்டாங்காடு. வாய்க்கால் தண்ணி பாய்ந்தால் வயல்.

தோட்டத்துக்குத் தண்ணி இறைத்தது கவலை. இது மனக்கவலை இல்லை, சின்னப் பிள்ளைகள் குழம்ப வேண்டாம். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக வெட்டிய வாரியில் ஒரு சோடி எருது இறங்கினால், வடக்கயிறு கட்டிய சால் தண்ணியோடு மேலே வரும். எருது பின்னால் நடந்து ஏறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். விடியக்காலம் நாலு மணிக்குப் பூட்டினால் வெயில் ஏறும் வரைக்கும் ஓட்டுவார்கள். ஆம்பளைங்க கவலை ஓட்டினால், பொம்பளைங்க மடை திருப்பித் தண்ணி கட்டுவார்கள்.

அப்படி இறைத்தால் ஒரு நாளைக்குக் கொஞ்ச நிலம்தான் நனையும். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மாட்டுக்குச் சோளத்தட்டு வேண்டும், அதனால் சோளம் போட்டே ஆக வேண்டும். மாட்டுச் சாணம் நிலத்துக்குப் போகும். காங்கயம் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் காட்டைக் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சொட்டுத் தண்ணி கட்டுவதில்லை. அன்றைக்கு விவசாயத்துக்கான சக்தி முழுவதும் மாட்டிடமும் மனுசரிடமும்தான் இருந்தது. அந்தச் சக்தி விளைந்த இடமும் அதே காடுதான்.

இதைச் சொன்னால் அந்தக் காலம் சொர்க்கம் என்று சிலர் பேசுவார்கள். எங்க அப்பத்தா அப்படிச் சொல்ல மாட்டாங்க. விடியும் முன்னே உரலில் கம்பு குத்தணும், ராகி அரைக்கணும், வெறகு பொறுக்கணும், குடிதண்ணி சேந்தணும். “இடுப்பு ஒடிஞ்சது எங்களுக்குத்தான்” என்பாங்க. 1876ல் தொடங்கிய தாது வருசப் பஞ்சத்தில் மழை பொய்த்தபோது இந்தச் சீமையில் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மழை இல்லை என்றால் சோறு இல்லை என்பதுதான் அந்தக் காலம்.

பைக்காராவிலிருந்து வந்த கரண்டு

நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணியை மலையிலிருந்து கீழே விட்டுக் கரண்டு எடுக்கும் நிலையம் 1932ல் தொடங்கியது. அந்தக் கரண்டு கோயம்புத்தூருக்கு வந்தது. நூல் மில்கள் பெருகின. மற்ற பக்கத்துக் கிராமங்கள் விளக்குக்கே கரண்டு பார்க்காத காலத்தில், கோயம்புத்தூர் சீமைத் தோட்டங்களில் தண்ணி இறைக்கக் கரண்டு மோட்டார் ஓட ஆரம்பித்தது. 1937 வாக்கில் கோயம்புத்தூரிலேயே மோட்டார் செய்தார்கள். இன்றைக்கும் பம்புசெட் என்றால் கோயம்புத்தூர் என்று நாடு முழுக்கச் சொல்வது அங்கிருந்து வந்த பேர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த முதல் கரண்டு மழைத்தண்ணியில் எடுத்த கரண்டு. மழை மலையில் பெய்தது, அந்தத் தண்ணி கரண்டாகி, அந்தக் கரண்டு நம்ம கிணற்றுத் தண்ணியை மேலே தூக்கியது. புகை கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு கிராமம் கிராமமாகக் கம்பி இழுத்தார்கள். 1955ல் பவானிசாகர் அணை முடிந்தது. தேவை கூடக்கூட ஆற்றுத்தண்ணிக் கரண்டு பத்தவில்லை. 1962ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துக் கரண்டு எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு தூத்துக்குடி, மேட்டூர் என்று அனல் மின் நிலையங்கள் வந்தன. தோட்டத்துப் பெட்டியில் சுவிட்சு போடும்போது நமக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் கரி எரிய ஆரம்பித்துவிட்டது.

பைசாவுக்காக நடந்த போராட்டம்

அதே காலத்தில் நாட்டில் சோத்துக்குத் தட்டுப்பாடு. 1965, 66ல் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் கோதுமை வந்துதான் பசி ஆறியது. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் சி. சுப்பிரமணியம். அவர் காலத்தில்தான் புது ரக விதை, உரம், தண்ணி மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பசுமைப் புரட்சி என்று தொடங்கினார்கள். இனி அடுத்த நாட்டிடம் கையேந்தக் கூடாது என்ற வைராக்கியம் அது. அது சரியான வைராக்கியம்தான்.

ஆனால் புது விதைக்குத் தண்ணி நிறைய வேண்டும். தண்ணிக்குக் கரண்டு வேண்டும். 1970ல் விவசாயக் கரண்டுக் கட்டணத்தைப் பைசாக் கணக்கில் உயர்த்தியதற்கே பெரிய போராட்டம் வெடித்தது. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். அந்த வருசம் ஜூன் 19ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் இறந்தார்கள். 1972ல் கோயம்புத்தூர் நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு பைசாவுக்காகவா உயிரை விட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். அவர்களுக்கு அது பைசா இல்லை, தண்ணி. தண்ணி போனால் பயிர் போகும், பயிர் போனால் கடன்.

பிறகு 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்பு இருக்கிறது. இது இல்லாவிட்டால் நம்மைப் போன்ற ரெண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர் எப்போதோ நிலத்தை விற்றிருப்போம். அதை மறுக்கவே முடியாது.

தட்டில் நடந்த மாற்றம்

மோட்டார் வந்ததும் பயிர் மாறியது. சோளம், கம்பு, ராகி, கொள்ளு இருந்த இடத்தில் கரும்பு, மஞ்சள், வாழை, தென்னை வந்தன. எல்லாம் காசுப் பயிர், எல்லாம் தண்ணி குடிக்கும் பயிர். நாமும் மாறினோம். கம்பஞ்சோறும் சோளச்சோறும் தினச் சாப்பாடாக இருந்தபோது, நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும்தான். இன்றைக்கு மூன்று வேளையும் அரிசி. 2011 முதல் ரேசனில் அரிசி இலவசம்.

மாவு மில்லும் அரிசி மில்லும் வந்ததால் உரல், உலக்கை மூலைக்குப் போனது. கம்பு குத்தின கைக்கு ஓய்வு கிடைத்தது. அந்த நேரம்தான் நாம் குழுக் கூட்டத்துக்கு வரும் நேரம் என்று நான் நினைப்பேன். 1989ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியதும், 1997ல் மகளிர் திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் பரவ ஆரம்பித்ததும், வீட்டு வேலையில் மிசினும் கரண்டும் கொஞ்சமாவது வந்த பிறகுதானே?

ஆனால் நம்ம தட்டு இப்போது நம்ம காட்டை நம்பி இல்லை. தஞ்சாவூர் டெல்டாவையும் வெளி மாநிலத்தையும் நம்பி இருக்குது. மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரைக்கும் 8 வருசம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. மழைக் குறைவும் பங்கீட்டுத் தகராறும் சேர்ந்து வந்த நிலைமை. 2022 மார்ச்சில் வடக்கே அடித்த வெயிலில் கோதுமை மணி சுருங்கிப்போய், மே மாதம் கோதுமை ஏற்றுமதியையே அரசாங்கம் நிறுத்தியது. 2023 ஜூலையில் பச்சரிசி, வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கும் தடை வந்தது. எங்கேயோ அடித்த வெயில் நம்ம மளிகைச் சீட்டில் வந்து நிற்பது இப்படித்தான்.

ஆயிரம் அடி

இலவசக் கரண்டு வந்தது. ஆனால் தண்ணி இலவசமாக ஊறவில்லை. பெய்கிற மழை அதேதான், எடுக்கிற மோட்டார் மட்டும் ஒன்றுக்குப் பத்து. கவலைக் காலத்தில் மாடு களைத்தால் கிணறு ஊற நேரம் கிடைக்கும். மோட்டாருக்குக் களைப்பு ஏது? கிணறு வற்ற, கிணற்றுக்குள் சைடு போர் போட்டார்கள். அப்புறம் வெளியே போர். 200 அடி, 500 அடி, இப்போது ஆயிரம் அடிக்கும் கீழே போகிறது.

எங்க வீட்டிலும் மூன்று போர் போட்டோம். ரெண்டில் வெறும் புழுதிதான் பறந்தது. என் நகை அடகுக்குப் போனது, குழுவில் வாங்கிய கடனும் அந்தக் குழிக்குள்தான் போனது. மூன்றாவதில் ஒன்றரை இஞ்சு தண்ணி. இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம்ம குழுக்களில் கறவை மாட்டுக்கு என்று வாங்கிய கடன் எத்தனை போர் வண்டிக்காரர் கைக்குப் போயிருக்கும் என்று அவரவர் மனசுக்குத் தெரியும்.

இனி ஒரு கணக்கு. 1000 லிட்டர் தண்ணியை 100 அடி தூக்க, வீணே போகாமல் இருந்தால், ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு கரண்டு போதும். அதே தண்ணியை ஆயிரம் அடியிலிருந்து தூக்கினால் பத்து மடங்கு வேண்டும், முக்கால் யூனிட்டுக்கு மேல். மோட்டாரிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்தால் அதற்கு ரெண்டு மடங்கு ஆகிவிடும். தண்ணி கீழே போகப்போக, அதே ஒரு சால் தண்ணிக்குக் கரி அதிகம் எரிகிறது.

கரிக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்

கரியில் ஒரு யூனிட் கரண்டு எடுத்தால் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, கலையவும் கலையாது. நூறு வருசத்துக்கு மேலும் வானத்தில் இருக்கும். பூமிக்கு மேலே கம்பளி போர்த்தினது போலச் சூட்டை வெளியே விடாது. உலகத்தில் ஆலைகள் பெருகும் முன்னே காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த இந்த வாயு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2024தான் இதுவரை அளந்ததிலேயே உலகத்துக்குச் சூடான வருசம்.

கரண்டு மட்டும் இல்லை. யூரியா செய்வது எரிவாயுவில் இருந்து. நாம் அள்ளிப் போடும் யூரியாவில் பெரும் பங்கு பயிருக்குச் சேராமல் வீணாகிறது, அதில் ஒரு பகுதி வாயுவாக மேலே போகிறது. அந்த வாயு கரியமில வாயுவைப் போல 270 மடங்கு சூடு பிடிக்கும். வயலில் எந்நேரமும் தண்ணி நின்றால் அடியிலிருந்து மீத்தேன் கிளம்பும். மாடு அசை போட்டு ஏப்பம் விட்டாலும் அதே வாயு. உழுவது, இறைப்பது, உரம், அறுவடை, லாரி, மில், அடுப்பு என்று எல்லாம் சேர்த்தால் மனுசர் வெளியே விடும் வெப்ப வாயுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சோற்றோடு சம்பந்தப்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

காற்றில் சூடு ஏறினால் அது தண்ணியை அதிகம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் காய்ந்தால் ஒரேயடியாகக் காயும், பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும். 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். நம்ம பக்கம் தென்னை மரங்கள் மொட்டையாக நின்றதை எல்லோரும் பார்த்தோம். அதே தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது நமக்கு ஒரு வருசத்துக்குப் பெய்யும் மழையை விட அதிகம்.

ஒரு வருசப் பஞ்சத்தை வைத்து எல்லாம் இதனால்தான் என்று சொல்லக் கூடாது. தாது வருசத்தில் மோட்டாரும் இல்லை, அனல் மின் நிலையமும் இல்லை, அப்போதும் பஞ்சம் வந்தது. வித்தியாசம் என்னவென்றால், முன்னே மழை பொய்த்தால் கிணற்றில் கொஞ்சம் கையிருப்பு இருந்தது. இப்போது சூடும் கூடுகிறது, கையிருப்பும் தீர்ந்துவிட்டது. 2017ல் யாரும் பசியால் சாகாமல் காத்தது ரேசன் அரிசி. அதையும் மறக்கக் கூடாது.

யார் செய்தது, யார் சுமப்பது

இதைப் பேசும்போது ஒரு அக்கா கேட்டாங்க: “ஏசி போட்டு, காரில் போறவங்க செய்யாத தப்பையா ரெண்டு ஏக்கர்க்காரி செய்தாள்?” நியாயமான கேள்விங்க. வானத்தில் சேர்ந்திருக்கும் புகையில் பெரும் பங்கு பணக்கார நாடுகள் நூறு வருசத்துக்கு மேல் எரித்தது. நம்ம மோட்டார் அதில் தூசு. அதனால் இலவசக் கரண்டைப் பிடுங்கு என்று நான் எழுதவில்லை. ஆனால் கிணறு வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது நாம்தான். நகை அடகுக்குப் போவதும் நம்ம கழுத்திலிருந்துதான். நம்ம தண்ணியைக் காப்பது நமக்காக.

வழியும் இல்லாமல் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. தமிழ்நாட்டில் காற்றாலை 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சோலார் மோட்டாருக்கு மானியம் இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. சோலாரில் புகை இல்லை, பில்லும் இல்லை. பகல் முழுக்க ஓடவிட்டால் மிச்சத் தண்ணியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கரண்டு சுத்தமானால் மட்டும் தண்ணி கூடிவிடாது.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவினாசித் திட்டம் தொடங்கியது. பவானி உபரித் தண்ணியை ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்துத் தூக்கி, மூன்று மாவட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறார்கள். அறுபது வருசத்துக் கோரிக்கை அது. இங்கேயும் தண்ணியைத் தூக்குவது கரண்டுதான். ஆனால் பூமிக்கு அடியிலிருந்து எடுக்காமல், பூமிக்குள் இறங்க விடும் கரண்டு. ஆற்றில் உபரி வந்தால்தான் குளத்துக்கு வரும் என்பதால், அதுவும் மழையைப் பார்த்தே இருக்கிறது.

நம்ம கூட்டமைப்பு செய்யக்கூடியது

பெரிய திட்டங்களை அரசாங்கம் பார்க்கட்டும். நம்ம கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, போர் போடக் கடன் கேட்டு வருபவர்களிடம் அந்த நிலத்தில் ஏற்கெனவே எத்தனை போர் இருக்குது, சொட்டுநீர் போட்டாச்சா என்று குழுவிலேயே கேட்போம். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் முழு மானியத்தில் கிடைக்கிறது. கடன் வாங்கும் முன்னே அதற்கு மனு கொடுக்கலாம்.

ரெண்டாவது, ஆடிப்பட்டத்தில் கால் ஏக்கராவது கம்போ சோளமோ கொள்ளோ போடுவோம். மானாவாரியில் வரும், மாட்டுக்குத் தட்டும் கிடைக்கும். குத்தி எடுக்கும் பாடு திரும்ப வந்தால் யாரும் செய்ய மாட்டோம். அதனால் சிறுதானியம் தோல் நீக்கும் மிசின் ஒன்று கூட்டமைப்புக்குப் பொதுவாக வேண்டும் என்று கேட்கிறேன்.

மூன்றாவது, இதுதான் எனக்கு முக்கியம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு திறந்த கிணறைத் தேர்ந்தெடுத்து, ஆடியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, கயிற்றில் கல் கட்டி இறக்கித் தண்ணி எத்தனை அடியில் இருக்குது என்று அளந்து தீர்மான நோட்டில் எழுதி வைப்போம். இந்தக் கட்டுரை எழுதும்போது எங்க ஊர்க் கிணற்றில் 1980ல் எத்தனை அடியில் தண்ணி இருந்தது என்று கேட்டேன். “கை எட்டுற மாதிரி இருக்கும்” என்றார்கள் சிலர், “பனைமர ஆழம்” என்றார்கள் சிலர். எழுதி வைத்தவர் யாரும் இல்லை. சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பைசா விடாமல் எழுதப் பழகிய நமக்கு இதையும் எழுதுவது கஷ்டமான வேலை இல்லை. அடுத்த மலரில் இந்தத் தலைப்பில் எழுதப் போகும் தங்கச்சிக்குக் கையில் அந்தக் கணக்கு இருக்கும்.

வரும் கூட்டமைப்புக் கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசி முடிவெடுப்போம்.